வேனை ஓரங்கட்டிய சாயங்காலம்

என் செல்ல மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது.

நான் ஓட்டும் பள்ளி வேனில் ஒன்பதாம் வகுப்பு வாயாடி ஒருத்தி வருவாளே, எனக்கே சரிக்குச் சரி பேசுவாள், அவள் கொஞ்ச நாளாக வாயே திறக்காமல் இருந்தாள். போன மாதம் ஒரு சாயங்காலம், யாரையும் தொடவிடாத தன் கலர் பென்சில்களைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள். கடைசியாக இறங்குபவள் அவள்தான், வீடு நெருங்கும்போது, இத்தனை நாள் பத்திரமா கூட்டிட்டு வந்தீங்க, ரொம்ப நன்றி ஆன்ட்டி என்றாள். வேன்காரிக்கு யார் நன்றி சொல்கிறார்கள், அதுவும் விடைபெறுவது போல. பள்ளியில் கவுன்சலிங் மேடம் எங்களுக்கு எடுத்த வகுப்புக்கு நான் டீக்கும் பிஸ்கட்டுக்கும்தான் போனேன், ஆனாலும் ஒன்று காதில் விழுந்திருந்தது, பிள்ளைக்குச் சாகும் எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று. வண்டியை ஓரங்கட்டி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சாகணும்னு தோணுதாடா கண்ணு என்று கேட்டே விட்டேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஓவென்று அழுதாள். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, இதுக்கெல்லாமா என்று உடனே பிரசங்கத்தை ஆரம்பித்தேன், அவள் முகம் சுருங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினேன். அரை மணி நேரம் நான் பேசாமல் கேட்டேன் என்றால் அப்பா சாட்சி கேட்கிறார்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டாள். அதை மட்டும் பண்ண மாட்டேன், உன்னைத் தனியா விடவும் மாட்டேன் என்று சொல்லி, அவள் எதிரிலேயே மேடத்துக்குப் போன் செய்தேன். மேடமும் பெற்றோரும் வரும்வரை அவள் கையை விடவில்லை. இப்போது டாக்டரிடம் போகிறாள், வீட்டில் யாராவது கூடவே இருக்கிறார்கள். உன்னையும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன் எடுத்தால் நல்லா இருக்கேம்மா என்று ஒரே பாட்டு பாடுகிறாய். மனசு எப்போதாவது அப்படி இருண்டால் எந்த நேரமானாலும் என்னை எழுப்பு, பக்கத்தில் இருப்பவர்களிடமும் சொல். பிரசங்கம் கிடையாது, இது சத்தியம்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் மறுபடி வேனில் வருகிறாள். காட்டிக்கொடுத்துவிட்டேன் என்ற கோபம் தீரவில்லை, என் முகத்தைப் பார்ப்பதில்லை. இன்று காலை ஏறியதும் கதவைப் படாரென்று சாத்தினாள். கீல் போனால் போகட்டும், சாத்துவதற்கு அவள் இருக்கிறாளே.

பல் டாக்டரைப் பார்க்க மறக்காதே. நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் ராஜா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா