அடுத்த ஆள் வராவிட்டால்

ஜூன் 3, செவ்வாய்

யோசனைப் பெட்டியில் இன்று மட்டும் பதினேழு. காலை ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து படித்தேன். கேப்டனுக்கு ஒரு ராஜபாளையம் நாய் வேண்டுமாம். விண்வெளியில் மாதம் ஒருநாள் மின்தடை வேண்டுமாம். அப்போதுதான் நம்ம ஊர் மாதிரி இருக்கும் என்று காரணம் வேறு. காவலர் வேலைக்கு வருகிறவர்களுக்கு மீசை கட்டாயமாம். ஒவ்வொன்றுக்கும் ‘ஏற்கப்பட்டது’ அல்லது ‘நிராகரிக்கப்பட்டது’ என்று போட்டு, காரணமும் எழுத வேண்டும். யார் என்னைக் கேட்டார்கள்? நானேதான் கையைத் தூக்கினேன்.

இந்த நோட்டை யாராவது எடுத்துப் படித்தால் எனக்குக் கழன்றுவிட்டது என்பார்கள். அதனால் ஒருமுறை எழுதிவைக்கிறேன். ‘ஏழாம் நிலையம்’ ஓர் ஆன்லைன் விளையாட்டு. விண்வெளியில் ஒரு நிலையம். ஆளுக்கொரு வேலை - பொறியாளர், சமையல்காரர், மருத்துவர், துப்புரவாளர். ஒரு சுற்று இரண்டு மணி நேரம். அதுவரை அந்த வேலையைப் பார்க்க வேண்டும், அந்த ஆளாகவே பேச வேண்டும். தமிழில் இதை நடத்துவது ஷமீர், கல்லூரியில் படிக்கிற பையன். யோசனைப் பெட்டியும் வேலைக் குறிப்புகள் பக்கமும் என் பொறுப்பு. மில்லில் சூப்பர்வைசராக முப்பது பேரை மேய்ப்பது போதாது என்று இது வேறு.

ஜூன் 5, வியாழன்

ஜோயல் நேற்றும் விளையாட வந்தான். ‘அடுப்படி அந்தோணி’ என்ற பெயரில், எப்போதும்போல் சமையல்காரன். அவன் என் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது.

வீட்டை விட்டுப் போய் மூன்று மாதம். என் நம்பரை பிளாக் செய்திருக்கிறான். அம்மாவுக்கு மட்டும் ஞாயிறுதோறும் போன் வருகிறது. “நல்லாருக்கானாம் ஏட்டி. எங்க இருக்கான்னு உன்ட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்” என்கிறாள். அதை என்னிடமே சொல்கிறாள்!

ஆனால் விளையாட்டுக்கு வருவான். நான் பொறியாளர். எஞ்சின் அறைக்கு வந்து, “பொறியாளரே, சூப் தயார்” என்பான். “நன்றி, சமையல்காரரே” என்பேன். தம்பியோடு எனக்கு மிச்சமிருக்கிற பேச்சு இவ்வளவுதான். வெளி விஷயம் எதையும் உள்ளே பேசக் கூடாது என்பது விதி எண் ஒன்று. எழுதியவள் நான்.

ஜூன் 8, ஞாயிறு

விதியை மீறிவிட்டேன். சூப்பை வைத்துவிட்டு அவன் திரும்பும்போது என்னை அறியாமல் தட்டிவிட்டேன்: “நீ சாப்டியாலே?”

நாற்பது பேர் பார்த்தார்கள். சமையல்காரனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிற பொறியாளரை இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஒரே சிரிப்பு. அவன் அடுப்படிக்குத் திரும்பிவிட்டான். ஷமீர் எனக்கு முதல் எச்சரிக்கை கொடுத்தான். மூன்று வாங்கினால் வெளியே. விதி எல்லாருக்கும் ஒன்றுதானே அக்கா, நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான். இருபது வயசுப் பயல்!

ஜூன் 11, புதன்

யோசனை எண் 212. அனுப்பியவர்: அடுப்படி அந்தோணி. அப்படியே எழுதிவைக்கிறேன்.

“பொறியாளர் குறிப்பில், ‘அடுத்த ஆள் வந்து இயந்திரத்தில் கை வைத்து, வாங்கிட்டேன் என்று சொல்லும்வரை நகராதே’ என்று இருக்கிறது. அடுத்த ஆள் வராவிட்டால் எவ்வளவு நேரம் நிற்பது என்று இல்லை. சேர்க்கவும்.”

என்ன துணிச்சல் இவனுக்கு! அந்தக் குறிப்பு எங்கள் மில் வழக்கம். ஷிப்ட் மாறும்போது உள்ளே வருகிறவர் மெஷின் மேல் கை வைத்து “வாங்கிட்டேன்” என்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர் கையை எடுப்பார். அது தெரிந்தவன்தானே இவன்? மார்ச்சில், கியர் பக்க மூடியைக் கழற்றிப் போட்டபடி, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், பாதி ஷிப்டில் நடையைக் கட்டினவன்தானே? மெஷின் சும்மா நிற்கிறதே என்று, கூட வேலை செய்கிற வேலுத்தாய் ஓட்டப் போய், அவள் விரலில் மூன்று தையல். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் நான். மறுநாள் காலை மில் கேட்டில் வைத்து, எல்லார் முன்னாலும் திட்டினேன். திட்டாமல்? அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

212: நிராகரிக்கப்பட்டது. காரணம்: பொறுப்புள்ளவர்கள் நிற்பார்கள்.

ஜூன் 12, வியாழன்

நிராகரித்தது சரிதான்.

ஜூன் 15, ஞாயிறு

நாய் யோசனை மறுபடியும், இந்த முறை பதினொரு பேர் ஆதரவுடன். நாய்க்கு விண்வெளி உடை யார் தைப்பதாம்?

ஜூன் 19, வியாழன்

எட்டு நாளாக ஜோயல் வரவில்லை. புதிதாக ஒருவன் சமையல்காரனாக வந்து, முதல் பத்து நிமிடத்தில் அடுப்படியைக் கொளுத்திவிட்டான். அணைக்கப் போனவர்களில் ஆறு பேர் காலி. தீயை எப்படி அணைப்பது என்று சமையல் குறிப்பில் தெளிவாக இல்லை என்று எனக்கே புகார் வருகிறது. பக்கத்தைத் திறந்து படித்தால்தானே தெளிவாக இருக்கும்?

வராமலே போய்விட்டால் என்ன செய்வேன்? அந்த ஒரு கிண்ணம் சூப்பையும் நானே கெடுத்துக்கொண்டேனோ.

ஜூன் 24, செவ்வாய்

ஷமீர் போன் செய்தான். சமையல்காரர் குறிப்புக்கு ஒரு திருத்தம் வந்திருக்கிறதாம், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லையாம், அழித்துவிடட்டுமா என்று கேட்டான். நான் பார்க்கிறேன் என்றேன். அனுப்பியது அடுப்படி அந்தோணி.

“பாதி வற்றும்வரை வேகமாகக் கிண்டு. பிறகு துடுப்பு அடியைத் தொட்டபடி மெதுவாக. வலது தோள் வலித்தால் இடது கைக்கு மாற்று, நிறுத்தாதே. தீ ஒரே சீராக இருக்க முந்திரித் தோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. ஆள் மாறும்போது, அடுத்தவர் துடுப்பைப் பிடித்த பிறகுதான் உன் கையை எடு.”

விண்வெளி நிலையத்தில் முந்திரித் தோடு ஏது, துடுப்பு ஏது என்கிறான் ஷமீர். விளையாட்டில் சமையல் என்றால் ஒரு பொத்தான், நாலு நொடி. எந்த மடையன் அங்கே நின்று கிண்டுவான்?

இரண்டாம் தடவை படித்தபோதுதான் புரிந்தது. முந்திரித் தோட்டை எரித்து, பாலை வற்றக் கிண்டுகிற ஊர் பக்கத்தில் ஒன்றுதான். இந்தப் பயல் திருவில்லிபுத்தூரில் இருக்கிறான். பால்கோவா அடுப்பில் நிற்கிறான். அரை மணி நேர பஸ் தூரம். மூன்று மாதமாக நான் சென்னை, திருப்பூர், கேரளா என்று மனசுக்குள்ளே எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

குறிப்பை அழிக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

வேலுத்தாய் திருவில்லிபுத்தூரிலிருந்துதான் வேலைக்கு வருகிறாள். டீ நேரத்தில் ஜோயலைப் பற்றி மெல்லக் கேட்டேன். முகத்தை நிமிர்த்தாமல் கடையையும் தெருவையும் சொன்னாள். அவளுக்கு ஏப்ரலிலேயே தெரியுமாம்! அவன் அவள் வீட்டுக்கே போய், விரலைப் பார்த்து அழுதிருக்கிறான். இவ்வளவு நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன்.

“நீங்க கேக்கல, நா சொல்லல” என்றாள். பிறகு அவளே பேசினாள். “அக்கா, விரல் கிழிஞ்சது எனக்கு. அதனால ஒண்ணு சொல்றேன். அவன் மேல மட்டும் தப்பில்ல. மூணு நாளா காலை ஆறுலேருந்து ராத்திரி பத்து வர நின்னான். கண்ணு சொருகுது அவனுக்கு. ஆள் வரலன்னா ஜோயல் நிப்பான்னு லிஸ்ட் போட்டது யாரு?”

நான் போட்டேன். வேறு யாரை நிறுத்தினாலும் முறைப்பார்கள், ஆபீசுக்குப் போவார்கள். தம்பி என்றால் முறைக்க மாட்டான். அவனை நிறுத்திவிட்டு மூன்று நாளும் இரண்டு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, சோறு தின்று, படுத்துத் தூங்கினேன். மூன்றாம் நாள் அவன் நடந்தான். இந்த நோட்டில் இதை இன்றுவரை நான் எழுதவில்லை. எழுதாமல் இருந்தது மறதியால் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

கோயில் முடிந்து பஸ் ஸ்டாண்டுவரை போனேன். திருவில்லிபுத்தூர் பஸ் நின்றது. ஏறவில்லை. திரும்பி வந்து, மீசை யோசனைக்கு முக்கால் பக்கம் பதில் எழுதினேன்.

ஜூலை 6, ஞாயிறு

போனேன்.

கடைக்குப் பின்னால் சந்தில் அடுப்படி. நாலு அடுப்பு, கடைசி அடுப்பில் அவன். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. மெலிந்திருக்கிறான். என்னைப் பார்த்துவிட்டான். பால் இறுகுகிற நேரம். விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை அவனால். தலையைக் குனிந்து கிண்டிக்கொண்டே இருந்தான். நானும் வாசலிலேயே நின்றேன்.

கடைசியில் அவன்தான், சட்டியைப் பார்த்தபடி சொன்னான். “அடுத்த ஆளு இன்னும் வரல.”

எத்தனை மணியிலிருந்து நிற்கிறாய் என்றேன். அஞ்சு என்றான். மணி பன்னிரண்டாகப் போகிறது.

பையை மூலையில் வைத்துக் கையைக் கழுவினேன். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அவன் கைக்கு மேலே துடுப்பைப் பிடித்தேன். அவன் விடவில்லை.

“அடியத் தொட்டுக் கிண்டணும்க்கா. விட்டா தீஞ்சிரும்.”

“தெரியும்லே. குறிப்புல படிச்சேன்.”

அப்போதும் விடவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் சொன்னேன்: “வாங்கிட்டேன்.”

அதற்குப் பிறகுதான் கையை எடுத்தான்.

படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தான். நான் கிண்டிக்கொண்டே, சட்டியிடம் சொல்வதுபோல் சொன்னேன், அந்த மூன்று நாளும் இரண்டு மணிக்கு நான் வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது என்று. புகை கண்ணைக் கரித்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “நானும் மூடிய மாட்டிட்டுப் போயிருக்கணும்” என்றான். மில்லுக்குத் திரும்ப மாட்டானாம். இந்த வேலை பிடித்திருக்கிறதாம். சரி என்றேன்.

பத்து நிமிடத்தில் என் தோள் கழன்றுவிட்டது. அதற்குள் அஞ்சு குறை சொல்லிவிட்டான், இப்படி இல்லக்கா, அப்படி இல்லக்கா என்று. அடுத்த ஆள் வந்து, இந்த அம்மா யார் என்று கேட்டான். “எங்க அக்கா” என்றான் ஜோயல்.

ஜூலை 7, திங்கள்

நாயை ஏற்றுவிட்டேன். தொல்லை விட்டது.

யோசனை எண் 212: ஏற்கப்பட்டது. பொறியாளர் குறிப்பில் சேர்த்தது: “அடுத்த ஆள் வராவிட்டால் பொறுப்பாளர் தானே வந்து கை வைக்க வேண்டும். அதுவரை அவர் வீட்டுக்குப் போகக் கூடாது.” நிராகரித்ததை ஏன் திரும்ப எடுத்தீர்கள் என்று ஷமீர் கேட்டான். காரணம் என்ற இடத்தில், முதலில் நான் எழுதிய காரணம் தவறு என்று போட்டேன்.

ஆறு மணிச் சுற்றில் சமையல்காரன் வந்தான். எஞ்சின் அறைக்குள் சூப்பை வைத்தான். நான் நன்றி சொல்வதற்குள், நாற்பது பேர் பார்க்க, “நீ சாப்டியாக்கா?” என்று கேட்டான்.

ஷமீர் அவனுக்கு முதல் எச்சரிக்கை கொடுத்தான்.