நகராத செல்கள்

மார்ச் 4

தட்டில் புற்றுநோய் செல்களை வளர்த்து, நடுவே ஒரு கோடு கீறி, இருபுறத்துச் செல்களும் எவ்வளவு சீக்கிரம் ஊர்ந்து வந்து அதை மூடுகின்றன என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். இன்று ஒரு மூலிகையின் இலைச்சத்து விட்ட தட்டில் ஒன்றுகூட அசையவில்லை. பக்கத்தில் ஒப்பிட வைத்த தட்டில் கோடே காணோம். நோய் பரவுவதையே இது தடுக்கிறதோ?

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் அளந்துவிட்டேன். மார்புக் கட்டியை எடுத்து மூன்று வாரம் ஆனவளிடம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

மார்ச் 9

எங்கள் ஆய்வகத் தலைவர், நாங்கள் வைத்த பேர் மீசை, முடிவைப் பார்த்துவிட்டுக் கால் தரையில் பாவாமல் திரிகிறார்.

மார்ச் 17

நேற்று அக்காவுக்கு முதல் கீமோ ஊசி. போகவில்லை. அதே இலையைத் தேடி வாங்கி, பெரிய பாத்திரத்தில் காய்ச்சிக் குடிக்கிறாள். அத்தான் என்னை முறைக்கிறார். தட்டு வேறு, உடம்பு வேறு என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். "நகரவே இல்லன்னு நீதானேடி சொன்னே?" என்கிறாள்.

மார்ச் 21

செத்தேன். இலைச்சத்தைக் கரைத்தது சாராயத்தில். ஒப்பிடும் தட்டிலும் அதே அளவு சாராயம் விட்டிருக்க வேண்டும். விட்டது வெறும் தண்ணீர். விட்ட மகராசி நான். பத்து வருஷ அனுபவமாம், மண்ணாங்கட்டி!

நேற்று ஒரு தட்டில் சாராயத்தை மட்டும் விட்டு வைத்தேன். இன்று பார்த்தால் அதிலும் அசைவில்லை. போதையில் கிடப்பவை எங்கே நடக்கும்?

மார்ச் 22

மீசையிடம் சொன்னேன். கத்தவில்லை. சாராயத்தைக் குறைத்து முதலிலிருந்து செய் என்றார். அது சுலபம். அக்கா?

அடுப்படியில் வைத்தே சொன்னேன். "இலை இல்லக்கா, சாராயம். தப்பு என்னுது."

"அப்ப இத்தனை நாளா நான் குடிச்சது?"

"இலைத்தண்ணி."

"பாவி, என்ன கசப்பு தெரியுமா?" சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், அழுகையில் முடிந்தது. "ஊசின்னா பயம்டி. அதான் உன் பேச்சப் புடிச்சுக்கிட்டேன்." எனக்கும் பயம்தான். அதைச் சொல்லாமல் இலையைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

மார்ச் 26

முதல் ஊசி. கூடவே இருந்தேன்.

மார்ச் 28

புதுத் தட்டில் இலைச்சத்து செல்களைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது. நிஜமாகவே. கொஞ்சமே கொஞ்சம். வீட்டில் மூச்சு விடவில்லை.

அக்காவுக்குக் காலையிலிருந்து வாந்தி. அவசரத்துக்குக் கையில் அகப்பட்டது அந்தப் பெரிய பாத்திரம்தான். நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். "இப்பதான்டி இதுக்கு உருப்படியா ஒரு வேலை கெடச்சிருக்கு."

கழுவி அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.