தனியாக நின்றால் தெரியாது

திருநகர்,
புதன்கிழமை.

என் செல்ல மகள் திவ்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? இதையெல்லாம் போனில் சொன்னால், "முதல்ல டாக்டரைப் பாரும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு வைத்த ஆக்சிஜன் சிலிண்டர் இன்னும் உள்ளறையில்தான் நிற்கிறது. உன் சித்தப்பா அழகுபாண்டி, "காலி சிலிண்டரை எதுக்கு மதினி காவல் காக்குறீக? திதி முடிஞ்சதும் தூக்கிட்டுப் போறேன்" என்கிறார். காலிதான். முள் பூஜ்யத்தில் கிடக்கிறது.

ஆனால் கருமாதியன்று நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. உள்ளறையில் படையல் போட்டு, அப்பா வந்து சாப்பிடட்டும் என்று வழக்கம்போல எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். திறந்து பார்த்தால் ஒரு பருக்கை நகரவில்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பந்தலில் இருந்த அம்புட்டுப் பேரும் அந்த அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். அப்போது சிலிண்டரில் மாட்டிய தண்ணீர்ப் பாட்டில் களக் களக்கென்று கொப்பளித்தது. அப்பா மூச்சு வாங்கும்போது கேட்குமே, அதே சத்தம். கூட்டம் கலைந்ததும் நின்றுவிட்டது. குழாயில் தங்கிய காற்று என்றார் சித்தப்பா.

போன மாதம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டபிறகுதான் விளங்கியது. விண்வெளிப் பனியில் ஆக்சிஜன் தனியாக இருந்தால் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்து அகச்சிவப்புக் கருவிக்குத் தெரியாது, மற்ற மூலக்கூறுகள் நெருக்கினால்தான் மெலிசாக ஒரு கோடு விழும் என்றாயே. அடிப்பாவி, அதைத்தானே நான் கண்ணால் பார்த்தேன்! கதவைச் சாத்தி அந்த மனுஷனைத் தனியாக விட்டது எம்புட்டுப் பெரிய தப்பு.

நேற்று மத்தியானம் பாட்டிலில் தண்ணீர் மாற்றிவிட்டு, சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை. நான் ஒருத்தி போதவில்லை. உன் மெசேஜைப் போட்டுப் போனைப் பக்கத்தில் வைத்தேன். "அம்மா" என்று நீ ஆரம்பித்ததும் ஒரே ஒரு குமிழி வந்தது.

அடக்கத்துக்கு உன்னால் வரமுடியாமல் போனதை நான் குறை சொல்லவில்லை. வைகாசியில் தலைத்திவசம், முதல் வருஷத் திதி. யார் என்ன சொன்னாலும் அன்றைக்குக் கதவைச் சாத்தவிட மாட்டேன். அன்று சாயங்காலமே சிலிண்டரைத் தூக்கச் சித்தப்பா வண்டியோடு வந்துவிடுவார். அதற்குள் வந்துவிடு தாயி.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும். வந்து ஒரு நாழிகை பக்கத்தில் நெருங்கி நில்லு, அம்புட்டுத்தான் கேட்கிறேன். உன் குரலுக்கே ஒன்று வந்ததே.

அப்பா பக்கத்திலேயே இருக்கும்,
உன் அம்மா
பாண்டீஸ்வரி