தள்ளு கதவும் நீல பக்கெட்டும்

1-5-94, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. கத்திரி தொடங்க இன்னும் மூன்று நாள். குழாயில் நல்ல தண்ணீர் வந்து ஆறு நாள். போர் தண்ணீர்தான். உப்பு. சோப்பு நுரைக்காது.

இடம்: குளியலறை. உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று. கையில் அரை மணி நேரம்.

என் அறை என்று இந்த வீட்டில் சொல்லப்படுவதில் பதினொரு மல்லி மூட்டைகள். மாமாவின் கமிஷன் கடையில் கொள்ளாதது எல்லாம் இங்கே வரும். மாமா நுழைவார், மூட்டைக்குள் கையை விட்டு அள்ளி மோந்து பார்ப்பார், போவார். அத்தை அரிசி அளக்க வருவாள். கதவைச் சாத்தினால் போச்சு. "மாப்பிள்ளைக்கு மேலுக்கு முடியலையாக்கும்" என்று தெருவரைக்கும் செய்தி போய்விடும். எட்டு வருஷமாக வீட்டோடு மாப்பிள்ளை. மகன் துபாயில், வீட்டுக்கு ஆம்பளைத் துணை வேண்டும் என்று என் ஊர் பரளச்சியிலிருந்து என்னைப் பிடித்துவந்தார்கள். துணைக்கு நாய் வளர்த்திருந்தால் அதற்காவது தனியாக ஒரு மூலை கிடைத்திருக்கும்.

இந்தக் குளியலறைக்குத்தான் தாழ்ப்பாள். டைரி எழுதுவது இங்கேதான்.

உட்கார நீல பக்கெட். அடியில் விரிசல், தண்ணீர் நிற்காது. எப்போது வந்தாலும் கவிழ்ந்தே கிடக்கும். ஒரு பக்கெட்டை நிமிர்த்தி வைக்கக்கூட இந்த வீட்டில் ஆள் கிடையாது. எனக்கு வசதி.

முறை: துண்டுக்குள்ளிருந்து டைரி எடு. நாலு வரிக்கு ஒரு தடவை தொட்டியில் செம்பால் மோந்து தொட்டியிலேயே ஊற்று. வெளியே இருப்பவர்களுக்குக் குளிக்கிற சத்தம். தண்ணீரும் வீணில்லை. கடைசி ஐந்து நிமிஷம் நிஜக் குளியல். பிறகு எட்டுப் பத்து பஸ், திருச்சுழி, ஆபீஸ். இன்று ஞாயிறு, பஸ் இல்லை. அதனால் நிதானம்.

வெளியே மச்சினன் குரல். குமரேசன். என் மனைவி செல்வியின் அண்ணன். லீவில் நேற்று வந்து இறங்கினார். இறங்கியதும் முதல் வார்த்தை: "இன்னமும் இந்த பாத்ரூமுலயா குளிக்கிறீக?"

2-5, திங்கள்

மச்சினன் கலர் புத்தகம் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். முழுக்கக் குளியலறைப் படங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்பமே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டியது. வெள்ளைக்காரி ஒருத்தி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சிரிக்கிறாள். அத்தை அந்தப் பக்கத்தைப் பார்க்காத மாதிரி மூன்று தடவை பார்த்தாள்.

தீர்மானங்கள்:

பழைய தொட்டியை இடிப்பது.

டைல்ஸ் ஒட்டுவது.

அறையின் முன்பாதியில் வாஷ்பேசின், வீட்டில் எல்லோருக்கும் பொது. பின்பாதியில் ஷவர். நடுவில் ஸ்லைடிங் டோர்.

பேசினுக்கு எல்லோரும் வரப்போக வேண்டுமாம். அதனால் வாசல் கதவைக் கழற்றுவது. இது மாமாவின் யோசனை. "ஒரு ரூமுக்கு எதுக்குப்பா ரெண்டு கதவு?"

என்னிடம் யாரும் கேட்கவில்லை. செல்வியிடமும்தான். ஆனால் அவளுக்கு என்ன? பிறந்த வீட்டிலேயே வாழ்கிறவள். அப்பா சொன்னால் தலையாட்டுவாள், அண்ணன் சொன்னால் அதற்கும் ஒரு ஆட்டு. தனியாக ஒரு நிமிஷம் இருக்கவேண்டும் என்று ஆயுளில் ஒரு நாளாவது தோன்றியிருக்குமா? பிள்ளைகள் லீவுக்கு என் அம்மாவிடம் போயிருக்கிற இந்த மாதத்திலும் அடுப்படி, கொல்லை, அடுப்படி.

கதவு போனால் டைரி போச்சு. டைரி போனால் இவர்களையெல்லாம் எங்கே போய்த் திட்டுவேன்?

5-5, வியாழன்

கத்திரி. ஆபீசுக்கு லீவு. மச்சினனோடு மதுரை. கதவு தேர்வு செய்ய. என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று பஸ்ஸில் தெரிந்தது. பையைத் தூக்க.

கடையில் மூன்று வகை வைத்திருந்தார்கள். மூன்றுக்கும் அலுமினியச் சட்டம், கீழே பள்ளம், சின்னச் சக்கரம். ஒன்று தெளிந்த கண்ணாடி. இன்னொன்று மங்கல் கண்ணாடி. மூன்றாவது அடர்பச்சை பிளாஸ்டிக் தகடு.

தெளிந்தது வேண்டாம் என்பதில் மச்சினனுக்கே சந்தேகமில்லை. அந்த மட்டுக்கும் அறிவு இருக்கிறது.

கடைக்காரர் மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் கையை நீட்டி விரித்துக் காட்டினார். "பாருங்க சார். கை தெரியுது. ரேகை தெரியுதா? தெரியாது. அவ்வளவுதான் சமாச்சாரம்."

கை தெரிந்தால் போதாதா. நிற்கிறானா உட்கார்ந்திருக்கிறானா, ஊற்றுகிறானா எழுதுகிறானா என்று தெரிய ரேகை எதற்கு?

பச்சைத் தகட்டுக்காக நான் சொன்ன காரணங்கள்: உடையாது. விலை குறைவு. கண்ணுக்குக் குளிர்ச்சி. உப்புத் தண்ணீர் தெறித்தால் கண்ணாடியில் வெள்ளை படியும். மொத்தமும் நியாயமான காரணம். ஒன்றும் என் காரணமில்லை.

"பச்சையா? பொட்டிக்கடைத் தட்டி மாதிரி இருக்கும் மாப்ள. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது."

"சார் வெளிநாட்டுல பார்த்தவுக. அவுக கண்ணுக்கு எது நல்லதுன்னு தெரியும்" என்றார் கடைக்காரர். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அந்தக் கடை ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா என்று கேட்டேன்.

"இதுக்கு எதுக்கு சார் தாப்பா? காந்தம் இருக்கு. தொட்டா ஒட்டிக்கிடும்."

"வெளிநாட்டுல எவன் மாப்ள தாப்பா போடுறான்?" இது மச்சினன். எட்டுப் பேர் ஒரே அறையில் தங்கி, குளிக்க வரிசையில் நிற்கிறேன் என்று போன வருஷம் கடிதம் எழுதிய அதே ஆள்.

மங்கல் கண்ணாடி முடிவாயிற்று. அளவை எழுதி அனுப்பச் சொன்னார்கள். திரும்பி வரும்போது விருதுநகரில் புரோட்டா. மச்சினன் நாலு தின்றார். எனக்கு இறங்கவில்லை.

8-5, ஞாயிறு

அளவு எடுக்கிற வேலை எனக்கு. "மாப்பிள்ளை கவருமெண்டு ஆளு, இஞ்சு சுத்தமா எடுப்பாக" என்றார் மாமா. எட்டு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

இஞ்சு சுத்தமாக எடுத்தேன். பூசிய சுவருக்குப் பூசிய சுவர். இனிமேல்தான் டைல்ஸ் ஒட்டுவார்கள். இரண்டு பக்கமும் சிமெண்டும் டைல்ஸும் சேர்ந்து ஒரு அங்குலத்துக்கு மேல் சாப்பிடும். யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது ஆபீசில் எனக்குப் பழக்கமில்லை.

இன்று கதவைக் கழற்றினார்கள். பலகைக் கதவு, இரும்புத் தாழ்ப்பாள். கடைக்குக் கொண்டுபோய் வத்தல் மூட்டைக்கு அடியில் போட்டுவிட்டார்கள். தொட்டியை இடிக்க கொத்தனார் மாடசாமி வந்துவிட்டார். இடிக்கிற சத்தத்தில் மச்சினனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நீல பக்கெட்டை மச்சினன் எடுத்துக் குப்பைமேட்டில் எறிந்தார். "இந்தப் பீத்தப் பக்கெட்ட இன்னுமா வச்சிருக்கீக."

இதை மறுநாள் ஆபீசில் ஒரு தாளில் எழுதி, பின்னால் இங்கே பார்த்து எழுதினேன். வேலை முடிகிறவரை எல்லோரும் கொல்லையில் சாக்குத் திரைக்குள் குளிக்கிறோம்.

19-5, வியாழன்

கதவு லாரியில் வந்தது. வைக்கோல் சுற்றி, சாக்கு கட்டி. தெருவே பார்க்க வந்தது. மச்சினன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

பொருந்தவில்லை. ஒரு அங்குலமும் கொஞ்சமும் அதிகம்.

மாமா என்னைப் பார்த்தார். சீட்டை எடுத்துக் காட்டினேன். "எட்டாந்தேதி அளவு இது. டைல்ஸ் ஒட்டுனப்புறம் எடுக்கச் சொல்லலையே மாமா."

இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். திருப்பி அனுப்புவார்கள், கடைக்காரர் எடுக்கமாட்டார், சண்டை வரும், மச்சினன் லீவு முடிந்து விமானம் ஏறிவிடுவார், பலகைக் கதவு திரும்பி வரும். மனதுக்குள் தாழ்ப்பாளுக்கு எண்ணெய்கூடப் போட்டுவிட்டேன்.

மாடசாமி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "இதுக்கு எதுக்கு சாமி இம்புட்டு யோசனை? ரெண்டு பக்கமும் ஒரு வரி டைல்ஸக் கொத்திட்டாப் போச்சு."

கொத்தினார். உட்கார்ந்துவிட்டது. புது டைல்ஸ் எலி கடித்த மாதிரி இருக்கிறது. அதையும் அழகு என்கிறார்கள்.

21-5, சனி

திறப்பு விழா. மாமா தேங்காய் உடைத்தார். குளியலறைக்கு. ஷவரைத் திருகினார்கள். மேல் தொட்டியில் போர் தண்ணீர். முதலில் இருமல், பிறகு செம்மண் நிறம், பிறகு தண்ணீர். எல்லோரும் கை நீட்டி நனைத்துக்கொண்டார்கள்.

பிறகு அவரவர் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் ஷவருக்குக் கீழே உட்கார்ந்து மோந்து குளித்தார்கள். ஷவர் தண்ணீரைக் குடிக்குமாம்.

அத்தையிடம், நிழல் தெரிகிறதே என்று பட்டும் படாமல் சொல்லிப் பார்த்தேன். "நெழல்தான தெரியுது மாப்பிள்ளை, ஆளா தெரியுது?" என்றாள். நாற்பது வருஷம் பாவாடையை மாரில் கட்டிக் கிணற்றடியில் குளித்தவள். அவளுக்கு நிழல் என்ன செய்யும்.

ஆச்சரியம்: உள்ளே மூலையில் நீல பக்கெட். கவிழ்ந்து. குப்பைமேட்டில் கிடந்ததை யாரோ பொறுக்கிக் கழுவி வைத்திருக்கிறார்கள். அத்தையின் வேலை. இந்தக் குடும்பத்துக் கஞ்சத்தனத்தால் எனக்குக் கிடைத்த முதல் லாபம்.

24-5, செவ்வாய்

ஐந்து வரி எழுதுவதற்குள் மச்சினன் பேசினில் பல் தேய்க்க வந்தார். "என்ன மாப்ள, உக்காந்துட்டீக? தல சுத்துதா?"

சோப்பு விழுந்துவிட்டது என்றேன்.

"தேடுங்க தேடுங்க. தலைக்குப் போடவா வேணும்? துடைச்சு விட்டாலே போதும்." என் வழுக்கையை வைத்து ஒரு நகைச்சுவை. சொல்லிவிட்டு வாயில் நுரையோடு அவரே சிரித்தார்.

துண்டால் டைரியை மூடி நின்றுகொண்டே குளித்தேன். இன்னும் ஐந்து நாளில் அவருக்கு விமானம். அவர் போவார். கண்ணாடி இருக்கும்.

இப்போது எழுதுவது ஆபீஸ் மேஜையில். பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். நிறுத்துகிறேன்.

27-5, வெள்ளி

ஆபீஸ். மதிய இடைவேளை. எழுதியே ஆகவேண்டும்.

காலை ஆறரை மணிக்குப் பேசினில் முகம் கழுவினேன். உள்ளே செல்வி. வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. செம்பால் மோந்து ஊற்றுகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு செம்பு.

எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. உடம்பில் விழுகிற தண்ணீர் சிதறும். தரையில் சளசளவென்று ஓடும். இது அப்படி இல்லை. தண்ணீரில் தண்ணீர் விழுகிற சத்தம். அந்தச் சத்தத்தை எட்டு வருஷமாக நானே உண்டாக்கியிருக்கிறேன்.

பார்த்தேன். மங்கல் கண்ணாடியில் மஞ்சள் சேலை. அவிழ்க்கவே இல்லை. முந்தானைகூட நகரவில்லை. அதற்குக் கீழே ஒரு நீலத் திட்டு. பக்கெட் மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் செய்யவில்லை. எழுதவில்லை, அழவில்லை, முகத்தைக்கூட மூடவில்லை. முழங்காலில் கை வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா. அவ்வப்போது கை மட்டும் நீளுகிறது. பக்கத்து வாளியிலிருந்து ஒரு செம்பு மோந்து அதே வாளியில் ஊற்றுகிறது.

பலகைக் கதவு இருந்திருந்தால் சாகும்வரை எனக்குத் தெரிந்திருக்காது.

பக்கெட் ஏன் எப்போதும் கவிழ்ந்து கிடந்தது என்று இன்றுதான் புத்தி வந்தது. குப்பைமேட்டிலிருந்து யார் எடுத்து வந்தார்கள் என்பதும். நாலு வாரமாக இந்த நோட்டில் ஊரில் உள்ள எல்லோரையும் மடையன் என்று எழுதியிருக்கிறேன். ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது.

அத்தை வந்தாள். "யாரு உள்ள? இவ இன்னுமா குளிக்கிறா? அடுப்புல பால் பொங்குது."

கண்ணாடிக்கு முன்னால் நகர்ந்து நின்றேன். "இப்பத்தான் போனா அத்தை. தலைக்கு ஊத்துறா. நான் பாலை இறக்குறேன்."

எட்டு வருஷத்தில் அடுப்படிக்குள் நான் நுழைந்ததில்லை. அத்தை ஆடிப்போய் அவளே இறக்க ஓடினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கதவுச் சட்டத்தின் மேல் விரித்துப் போட்டேன். கண்ணாடியில் பாதிக்கு வந்தது. உட்கார்ந்தால் மறைக்காது, துண்டு போதாது.

உள்ளே செம்புச் சத்தம் நின்றது. நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

30-5, திங்கள்

மச்சினன் நேற்றுப் போய்விட்டார். ஷவரில் பாதித் துளை உப்பு அடைத்துவிட்டது. கண்ணாடியின் கீழ்ப்பாதி ஒன்பதே நாளில் வெளுத்துக்கொண்டு வருகிறது. துடைக்கச் சொல்லி அத்தை செல்வியிடம் எலுமிச்சம்பழ மூடியைக் கொடுத்தாளாம். செல்வி துடைத்திருக்கிறாள். மேல்பாதியை மட்டும்.

கதவுச் சட்டத்தில் என் துண்டு இல்லை. அந்த இடத்தில் அவளுடைய பழைய வாயில் துணிச் சேலை, நாலாக மடித்து, தரை வரைக்கும் தொங்குகிறது.

இடம்: குளியலறை. பக்கெட் கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர், மேலே செம்பு. உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெளியே அத்தை. "மாப்பிள்ளைக்கு பஸ்ஸுக்கு நேரமாகலையா? இன்னுமா குளிக்கிறாக?"

செல்வி பேசின் பக்கம்தான் நிற்கிறாள் போலிருக்கிறது. குரல் பக்கத்திலிருந்து வருகிறது. "தலைக்கு ஊத்துறாகம்மா."

"திங்கக்கெழமையா? இருக்கிற நாலு முடிக்கு எதுக்குடி இம்புட்டு நேரம்?"

"வெயிலுக்கு உச்சி காந்துதாம். மெதுவா வருவாக."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே போகிறாள். செல்வி போகவில்லை. பேசின் குழாயைத் திறந்துவிட்டு என்னத்தையோ கழுவுகிறாள். வெகு நேரமாகக் கழுவுகிறாள்.

எட்டுப் பத்து போயிருக்கும். அடுத்தது ஒன்பதுக்கு.