அழகரின் கோப்பிக்கொட்டையில் குற்றமில்லை

பண்டாரவளை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் றுஷாந்தனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அந்தோனியார் புண்ணியத்தில் இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம், அங்கே டோஹாவில் நீயும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை மகன், அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலில் நின்றால் எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் கேட்கிறது என்று நீ சிரிப்பாய். சிரி. நேற்றுப் போனில் இதைச் சொல்லத்தான் வந்தேன், அழகர் மாமா என்று பெயரை எடுத்ததுமே வேலை இருக்கிறது, பிறகு பேசுவோம் என்று வைத்துவிட்டாய். குரலைப் பதிந்து அனுப்பினாலும் பாதியில் நிறுத்திவிடுவாய், பெற்றவளுக்குத் தெரியாதா. பக்கத்துக் கடை றிப்தாவின் தம்பி ஷாமில் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில்தான் இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பொதியையும் கொடுத்தனுப்புகிறேன். பொதியில் தின்கிற சாமான் ஒன்றும் இல்லை, ஆசைப்பட்டுப் பிரிக்காதே. நம் கோப்பி அரைக்கும் மெஷினுக்குள் இருந்த பழைய பல்லுத் தட்டு இரண்டும்தான் அதில் இருக்கிறது. முதலில் கடிதத்தைப் படித்து முடி, பிறகு அதைத் தொட்டுப் பார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், இடையில் கோபப்படாதே. நீ அங்கே உழைத்து அந்த மெஷின்களை அனுப்பி ஸ்டேஷன் ரோட்டில் இந்தக் கடையைப் போட்டுத் தந்தபோது, ஹல்துமுல்லையில் அழகர் அண்ணனிடம் நீயே போய், மாமா உங்க கோப்பிக்கொட்டை முழுக்க எங்க கடைக்குத்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாய். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்த மனுசன் தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு, இருந்த துண்டு நிலம் முழுக்கக் கோப்பி வைத்தார். பாக்கியலெட்சுமி மதினி வறுத்துக் கட்ட, அவர் தோளில் சுமந்து பஸ்ஸில் கொண்டுவந்து தருவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் இந்த மழைக்காலத்தில் கோப்பி கெட ஆரம்பித்தது. ரயிலுக்குப் போகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள், தினமும் வருகிற பேங்க் ஆட்கள்கூட இதில் என்னமோ வேறு வாசம் அடிக்கிறது என்றார்கள். உன் அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, மல்லி வாசம், இது பாக்கியலெட்சுமி மல்லி வறுத்த சட்டியிலேயே கொட்டையையும் வறுத்த வேலை, நிறைக்கு மல்லியைச் சேர்த்தும் இருப்பார்கள் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அழகர் அண்ணன் அடுத்த தடவை மூட்டையோடு வந்தபோது கடை வாசலில் பத்துப் பேர் பார்க்க அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டார். அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேருமுன்னே நீயும் போன் போட்டு, கலப்படம் பண்ணிட்டீங்களே மாமா, உங்கள நம்பினேனே என்று கேட்டுவிட்டாய். அப்பா சொன்னதைக் கேட்டு நீ பேசினாய், உன்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் பேசினது நீதானே.

அன்றைக்கே வேறு இடத்தில் கொட்டை வாங்கினோம். அதுவும் அதே வாசம்! இது கொட்டையின் குற்றமில்லை என்று நான் அப்போதே சொன்னேன். உன் அப்பா ஒத்துக்கொள்வாரா, பால் சரியில்லை என்றார், தண்ணீரில் மருந்து போடுகிறார்கள் என்றார், கரண்ட் குறைவாக வருகிறது என்றார், கடைசியில் குடிக்கிறவனுக்கு நாக்கு செத்துப்போச்சு என்றார். தூள் சரியாக விழவில்லை என்று மெஷினின் மேல் வளையத்தை நைஸுக்கு நைஸுக்குத் திருப்பிக்கொண்டே போனார், அது சூடேறிக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கோப்பி ஒன்று பீலிக் குழாயில் கொட்டுகிற தண்ணீர் மாதிரி ஓடும், இல்லையென்றால் சொட்டுச் சொட்டாக வடியும். நான் பிறகு உன் சிநேகிதன் ஜோன்சனுக்குச் சொல்லியனுப்பினேன், அவன் எல்லவில் ஹோட்டல் ஒன்றில் இந்த வேலைதானே பார்க்கிறான். வந்தான், மெஷினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தான், தூளை விரலில் தேய்த்துப் பார்த்தான், பாதி மாவாகவும் பாதி குறுணியாகவும் இருக்கு ஆன்ட்டி, உள்ள தட்டுப் பல்லு தேஞ்சிருச்சு என்றான். கொழும்பிலிருந்து புதுத் தட்டு எடுப்பித்தது அவன்தான், மாட்டினது அப்பா. தேயிலை ஃபெக்டரியில் ரோலர் கழற்றி மாட்டின மனுசனுக்கு இது என்ன பெரிய வேலை என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அங்கேதான் மகன் குட்டு உடைந்தது. கரண்டைப் பிடுங்கிவிட்டு, மேல் வளையத்தைக் கழற்றி, மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் ஸ்குரூ எடுத்துத் தூக்கினால், தட்டுக்குப் பின்னாலும் சுற்று ஓரத்திலும் வெற்றிலைச் சக்கை மாதிரி இறுகிப்போய் என்னமோ அடைந்திருந்தது. ஜோன்சன் கத்தி முனையால் சுரண்டிக் காகிதத்தில் போட்டான். மல்லித் தோல், சுக்கு நார், நடுவில் அரிசிக் குறுணி. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகுதான் உன் அப்பா உள்ளதைச் சொன்னார். மழையும் குளிருமாக இருந்தபோது பஸ் டிரைவர்மார் வந்து சுக்கு மல்லிக் கோப்பி கேட்டிருக்கிறார்கள், மனுசன் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டு, அந்தக் கல் மாதிரிச் சுக்கையும் மல்லியையும் நீ அனுப்பின மெஷினிலேயே போட்டு அரைத்துக் கொடுத்திருக்கிறார். மிளகாய் மில்லில் தூள் அரைத்த பிறகு ஒரு கை அரிசி போட்டு ஓட்டிக் கழுவுவார்களே, அதே மாதிரி இதிலும் ஒவ்வொரு தடவையும் பச்சரிசி போட்டு ஓட்டிவிட்டாராம், சுத்தமாகிவிட்டது என்று மனசாரத்தான் நம்பியிருக்கிறார். சுக்கு பல்லை உடைத்தது, அரிசி மிச்சத்தைத் தேய்த்தது, வாசம் உள்ளேயே குடியிருந்தது. பின்னால் இருந்த அழுக்கையெல்லாம் பிரஷ் போட்டு எடுத்து, தட்டு ஆடாமல் உட்காருகிற மாதிரி ஒவ்வொரு ஸ்குரூவாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பல்லோடு பல் லேசாக உரசும் சத்தம் கேட்டதும் வளையத்தைத் திருப்பிப் பின்வாங்கி, முதலில் அரைத்த தூளை வீசிவிட்டு ஒரு கோப்பை போட்டார்கள். வேறு கொட்டைதான், ஆனாலும் என்ன வாசம் மகன்! எனக்கு அதைக் குடிக்க மனசு வரவில்லை, அழுகைதான் வந்தது.

உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, மலையில் கொழுந்து எடுத்தவள் நான். ஃபெக்டரியில் தூள் கெட்டால் மெஷினைப் பார்க்கமாட்டார்கள், அடுத்த நாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் எங்களை நிற்கவைத்து முற்றல் இலை கிள்ளினீர்கள், தண்ணீர்க் கொழுந்து கொண்டுவந்தீர்கள் என்று ஏசுவார்கள். ரோலர் பழுது என்று பிறகு தெரிந்தாலும் ஒருவரும் வந்து சொன்னதில்லை. உன் அப்பா ஃபெக்டரிப் பக்கம் நின்று பழகினவர், அந்தப் புத்தி அவரை விட்டு இன்னும் போகவில்லை. நீ அந்த லயத்தில் பிறந்து எங்கள் கஷ்டத்தைப் பார்த்து வளர்ந்தவன், நீயும் அதே மாதிரிப் பேசினாயே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கட்டியிருந்த உடுப்போடு நாங்கள் இரண்டு பேரும் ஹல்துமுல்லைக்குப் போனோம். அப்பா காகிதத்தில் சுருட்டி வைத்திருந்த அந்தச் சக்கையை மேசையில் வைத்து, குத்தம் என்னோடதுதான் மச்சான், மன்னிச்சிருங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை வருசத்தில் அவர் ஒருவரிடம் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அழகர் அண்ணன் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார், நாற்காலி போட்டார், பிளேன்டீ கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார். சண்டை பிடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மதினி வெளியே வரவேயில்லை, நானாகக் குசினிக்குள் போனேன். கோப்பி வறுக்கிற சட்டியைத் துணியில் சுற்றி மேலே தனியாக வைத்திருந்ததை இறக்கிக் காட்டி, இந்தச் சட்டில வேற ஒண்ணையும் நான் வறுத்ததே இல்ல அக்கா என்று மட்டும் சொன்னார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். புறப்படும்போதுதான் அண்ணன் மனசைத் திறந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோப்பிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு மரக்கறிக்குப் போஞ்சி போட ஆள் சொல்லியிருக்கிறாராம். பழம் சிவந்து வருகிற நேரத்தில் மகன்! ஏன் அண்ணன் என்று கேட்டதற்கு, மச்சான் பேசினத நான் அப்பவே விட்டுட்டேன், ஆனா மருமகன் சொல்லை நம்பித்தான் பேரை வெட்டினேன், கொழுந்து சரியில்ல கொழுந்து சரியில்லன்னு காலமெல்லாம் கேட்டாச்சு, இனி அத ஒருத்தரும் சொல்லக்கூடாதுன்னுதான் சொந்தமா ஒண்ணு வச்சேன், அதையும் நம்ம பிள்ளையே சொல்லிருச்சே என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்வது, அப்பா என்ன சொல்வார். அது நீ சொல்லவேண்டிய பதில்.

மற்றபடி உன் தங்கச்சி ஷிரோமி பதுளையில் படிப்பில் கெட்டி, சாப்பாட்டில்தான் பிள்ளை குறைவு. அப்பா அன்றிலிருந்து மெஷினைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், டிரைவர்மாருக்கு மல்லியை நான் அம்மியில்தான் இடித்துக் கொடுக்கிறேன். நீ ஏசிக்குள் வெறும் சட்டையோடு நிற்காதே, வெள்ளிக்கிழமைப் பூசையை விடாதே. பொதியைப் பிரித்து அந்தத் தட்டின் ஓரத்தில் பெருவிரலை வைத்துத் தடவிப் பார், மழுங்கின இடமும் உடைந்த இடமும் கைக்குத் தெரியும். பிறகு அழகர் மாமாவுக்கு நீயே போன் எடு, மெசேஜ் அனுப்பாதே, முதலில் மன்னிப்புக் கேள், அதன் பிறகு சுகம் விசாரி. ஆண்டவர் உன் வாயில் நல்ல வார்த்தையை வைக்கட்டும், மாதா உன்னை வழிநடத்தட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே, பகலில் எடுத்தால் அவருக்குப் போன் போகாது, வீட்டுக்குள் சிக்னல் இல்லை. பொழுது சாயும்போது எடு. செடி பிடுங்க ஆள் சொல்லியாகிவிட்டது என்கிறவர், அந்த நேரத்தில் தினமும் மெயின் ரோட்டு வளைவுக்கு ஏறிப்போய்ப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை நிற்கிறாராம், யாருக்கு எடுக்கிறார் என்று கேட்டேன், அவர் யாருக்கும் எடுக்கிறதில்ல அக்கா என்றார் மதினி.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரான்சிஸ்கா மத்தேயு