அக்காவைப் பார்க்கச் சொன்னார்கள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் அங்கே குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, அதைச் சரிசெய்தாகிவிட்டது. குழாய்க்காரர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பத்தேகாலுக்கு வந்தார், நம் வீட்டுப் பெரியவர், அதுதான் உன் தம்பி, கதவிலேயே நின்று கடிகாரத்தைக் காட்டிக் காட்டி அவரை ஒரு வழி பண்ணிவிட்டான். மனுஷர் நல்லவர், மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். தம்பி பகல் மையத்தில் இப்போது அட்டைப்பெட்டி மடிக்கிறான், ஒரு நாளைக்கு நூற்றிருபது, ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை. அம்மா இன்னும் பள்ளிக்கூடச் சீருடைகளைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள், கண் தெரியவில்லை என்பாள், நிறுத்து என்றால் கோபம் வரும்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. பாலம் சோதிக்கும் வேலையில் உன்னை அந்தப் பெரிய ஆற்றுப் பாலத்துக்கு மூன்று வருஷத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். அடுத்த வரியிலேயே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வருஷக் கடைசிக்குள் வேலையையும் விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன், தம்பிக்கான பொறுப்பாளர் பாரத்தையும் வந்து கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், மச்சானுக்குப் போனில் படித்தேன், அந்தக் குழாய்க்காரருக்குக்கூடப் படித்துக் காட்டினேன். அம்மா அன்றைக்கே உன் அறையிலிருந்த தையல் மிஷினைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை முழுக்கப் படித்து முடிக்கும்வரை ஆபீசில் ராஜினாமா அது இது என்று வாயைத் திறந்துவிடாதே அம்மா, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

தம்பியின் மையத்தில் கவுன்சிலர் மேடம் பெற்றோருக்கென்று நாலு சனிக்கிழமை ஒரு வகுப்பு வைத்தார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பையனும் அவன் குடும்பமும் வருகிற ஸ்பானிஷ் மொழிப் படம் ஒன்றைப் போட்டு, வீட்டில் யார் யார் என்னென்ன பொறுப்பைத் தாங்குகிறார்கள் என்று பார்த்துப் படிக்கிற வகுப்பு. அம்மாவைக் கூப்பிட்டேன், “இந்த வயசுல படம் பாத்துப் பாடம் படிக்கப் போறீங்களாக்கும், போய்ட்டு மார்க் வாங்கிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டாள். போனால் என்னைச் சேர்த்து ஏழு பேர். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர் ஒருவர், பாங்கில் வேலை பார்க்கிற அம்மாள் ஒருவர், ஒரு டயர் கடைக்காரர், இப்படி. படத்தில் பேசுகிற பேச்சு ஒருத்தருக்கும் புரியாது என்று மேடமே உட்கார்ந்து வசனத்தையெல்லாம் நம் பாஷையில் எழுதி, படத்தின் அடியில் ஓட விட்டிருந்தார்கள். முதல் வாரம் கதை மட்டும் பார்த்தோம். சலவைக்கடை நடத்துகிற குடும்பம், அப்பா வேன் ஓட்டுகிறார், அம்மா இஸ்திரி போடுகிறாள், வாய் பேசாத பையனுக்குப் பதிமூன்று வயது, அவனுக்கு மூத்தவள் ஒரு பெண். பையன் ஒரு நாள் தொலைந்துபோகிறான், ஊரே தேடுகிறது, தண்ணீர் இல்லாத ஒரு நீச்சல் குளத்துக்குள் உட்கார்ந்திருப்பவனைக் கண்டுபிடித்து மழையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டயர் கடைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார், நானும்தான்.

இரண்டாவது வாரம் மேடம் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டார்கள். அடியில் ஓடுகிற எழுத்தும் கிடையாது. ஆளுக்கு ஒருத்தரைப் பிரித்துக் கொடுத்து, படம் முடிகிறவரை அந்த ஒருத்தரை மட்டும்தான் பார்க்க வேண்டும், அவர் வீட்டில் என்னென்ன வேலை செய்கிறார் என்று தாளில் எழுத வேண்டும் என்றார்கள். முடிதிருத்துபவருக்கு அந்த அம்மா, பாங்க் அம்மாளுக்கு அப்பா, எனக்கு அக்கா. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முப்பத்தொரு வருஷம் பாட்டில் கம்பெனியில் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற பெல்ட்டில் விரிசல் பாட்டிலைப் பிடித்து எடுத்தவன் நான். மயிரிழை விரிசல்கூட என் கண்ணுக்குத் தப்பியதில்லை என்று ஃபோர்மனே நாலு பேர் முன்னால் சொல்வார். இதை நான் மேடத்திடமும் கொஞ்சம் அளந்துவிட்டேன் என்று வைத்துக்கொள். ஒரு பெண் பிள்ளையைப் பார்க்கிறது பெரிய வேலையா என்று தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

படம் முடிந்து ஒவ்வொருவராக வாசித்தார்கள். முடிதிருத்துபவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். என் தாளில் ஆறு வரி. தட்டு எடுத்து வைக்கிறாள், தம்பியைக் குளிக்க வைக்கிறாள், துணி மடிக்கிறாள், மற்றபடி அதிகம் காட்டவில்லை, கதையில் அவளுக்குப் பெரிய வேலை இல்லை என்று எழுதியிருந்தேன். மேடம் கேட்டுவிட்டு, “பையனைக் கண்டுபிடிச்சுத் தூக்கிட்டு வராங்களே சார், அப்ப உங்க பொண்ணு எங்க இருக்கா?” என்றார்கள். வீட்டுக்குள்ளே இருப்பாள் மேடம், அந்த இடத்தில் அவளைக் காட்டவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். மேடம் படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்கள். பார்த்தால், அதே படத்தில், அதே கும்பலில், ஓரமாக அந்தப் பெண் நிற்கிறாள். தலை முழுக்க நனைந்து, பையனின் ஷூ இரண்டையும் மார்போடு பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். அந்த அம்மா கையை நீட்டி அவளிடமிருந்து ஷூவை வாங்குகிறாள், பையன் காலில் போடுகிறாள், ஷூவைக் கொடுத்தவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பெண் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள். எனக்குக் கொடுத்திருந்த வேலையே அவளைப் பார்க்கிறது ஒன்றுதான். பையன் தொலைந்ததும் நான் அவளை விட்டுவிட்டுப் பையனைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன், எப்போது விட்டேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மேடம் என்னைக் குத்திப் பேசவில்லை, நிறையப் பேர் அப்படித்தான் சார் என்று அடுத்தவரிடம் போய்விட்டார்கள். நான்தான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு பஸ்ஸில் வரவில்லை, நடந்தே வந்தேன். நம் வீட்டுப் பெரியவர் ஒன்பது வயதில் துணிக்கடை வாசலில் அம்மாவின் கையை உதறிவிட்டுத் தொலைந்துபோன கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், நீயே பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தரம் கேட்டிருப்பாய். போலீஸ் ஸ்டேஷனில் நான் என்ன சொன்னேன், மச்சான் சைக்கிளில் எந்தெந்தத் தெருவில் போனார், பஸ் டிப்போ ஷெட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை டிக்கெட் பரிசோதகர் எப்படிப் பார்த்தார், முட்டியில் அடிபட்டிருந்ததால் நேராக டாக்டரிடம் கூட்டிப்போய், அங்கிருந்து மச்சான் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டு வந்தோம் என்றெல்லாம் ஒன்று விடாமல் சொல்வேன். நடந்து வரும்போது அந்தக் கதையை மனசுக்குள் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். நீ அதில் எங்குமே இல்லை. உனக்கு அப்போது பதினைந்து வயது, பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உனக்கென்று ஒரு வரி அந்தக் கதையில் நான் வைக்கவே இல்லையே அம்மா.

வந்து அம்மாவிடம் கேட்டேன். “அவ எங்க போவா, வீட்ல உக்காந்து படிச்சிட்டு இருந்திருப்பா” என்றாள். வீட்டுச் சாவி அம்மாவின் கைப்பையில் இருந்ததே, வீடு பூட்டித்தானே கிடந்தது என்றேன். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். தம்பி கூடத்தில் பழைய பஸ் டிக்கெட்டுகளை நம்பர் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான், நாங்கள் பேசுவதைக் கேட்கிற மாதிரியே இல்லை. தலையைத் தூக்காமல் சொன்னான், “அக்கா பதினேழுல. மூணு தடவ. ஜன்னல் பக்கம். அழுதா.” டிப்போ பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பதினேழாம் நம்பர் பஸ்ஸில் நீ அந்த வழியாக மூன்று தரம் போனதை அவன் பார்த்திருக்கிறான். ஏன்டா கூப்பிடவில்லை, கையையாவது ஆட்டக்கூடாதா என்று கேட்டேன். “பதினேழு அங்க நிக்காது” என்று சொல்லிவிட்டு மறுபடி டிக்கெட்டை அடுக்கப் போய்விட்டான். பதினாறு வருஷமாக இந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை, நாங்கள் அவனிடமோ உன்னிடமோ கேட்டதும் இல்லை.

அம்மா இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள். எடுத்த சட்டையையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், “அன்னிக்கு அவ வந்தப்ப நான் திட்டுனேங்க. தம்பி காணாமப் போன நாள்ல நீ எங்கடி ஊர் சுத்திட்டு வரேன்னு கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லல, கையக் கழுவிட்டு அவனுக்குப் பாய் போட்டா.” இதைச் சொல்லிவிட்டு உன் அம்மா அழுத அழுகை, என்னால் எழுத முடியாது. உன்னிடம் இதைச் சொல்லாதீர்கள் என்றும் சொன்னாள், நான் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளட்டும். அவள் ஒருத்திமேல் பழியைப் போட்டுவிடாதே, நானும் அப்போது அங்கே வாசலில்தான் நின்றிருப்பேன், எனக்கு அதுகூட ஞாபகமில்லை.

இப்போது அந்தப் பாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பிறகு தம்பிக்குப் பொறுப்பாளர் யார் என்று மையத்தில் கொடுத்த பாரத்தில் உன் பெயரை எழுதியது நான். பொறுப்பேற்கச் சம்மதமா என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதியதும் நான்தான், என் பேனாவால். அதை உனக்கு அனுப்பிவிட்டு, கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று போனில் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் கழித்துச் சரிப்பா என்றாய். எனக்கு அந்தச் சரிப்பா போதுமானதாக இருந்தது, பாட்டில் ஓடுகிற வேகத்தில் அதையும் ஓட விட்டுவிட்டேன். சின்ன வயதிலிருந்து நீ சொன்ன சரிப்பா எல்லாவற்றையும் நான் அப்படித்தான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். தோழிகளோடு மூன்று நாள் வெளியூர் போக வேண்டியதை விட்டபோதும், வயலின் வகுப்பை நிறுத்தியபோதும் சரிப்பா என்றுதான் சொன்னாய். எங்கள் பெண் தங்கம், வாயே திறக்க மாட்டாள் என்று நான் கம்பெனியில் பெருமை பேசினேன், வெட்கமாக இருக்கிறது.

நேற்று மையத்துக்குப் போய் அந்தப் பாரம் செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ வைத்திருப்பதைக் கிழித்துப் போட்டுவிடு. கிளம்பும்போது அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன், பெற்ற பெண் இருக்கும்போது ஊரான் எதற்கு என்று இத்தனை நாள் சொன்னவள் அவள்தானே, ஆனால் குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். இனிமேல் என்ன செய்வது என்று கேட்பாய். முடிதிருத்துபவர் வீடு, டயர் கடைக்காரர் வீடு, நம் வீடு மூன்றும் சேர்ந்து, பிள்ளைகளுக்கென்று ஒரு வீடும் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் ஏற்பாடு செய்யலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் ஒன்றும் கூடிவரவில்லை, டயர் கடைக்காரர் எதற்கெடுத்தாலும் உணர்ச்சிவசப்பட்டுவிடுகிறார், கூடிவராமலும் போகலாம். அது எங்கள் பாடு. நீ அந்த ஆற்றுப் பாலத்துக்குப் போ. போகப் பிடிக்காவிட்டால் போகாதே, இங்கே வர உனக்கே ஆசையாக இருந்தால் வா, தம்பி உனக்குத் தம்பிதான், அதை யார் மாற்ற முடியும். ஆனால் வர இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று எழுது. படித்துவிட்டு நான் அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன், நீ போன் பண்ணி என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

பாலத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை இரண்டு தரம் இழுத்துப் பார். வெறும் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிற பழக்கம் நல்லதில்லை. அம்மா உனக்காகக் காலர் வைத்த சட்டை இரண்டு தைத்திருக்கிறாள், அளவு பழைய அளவு, உன் இப்போதைய அளவு எங்களுக்குத் தெரியவில்லை, எழுதி அனுப்பு. நீ நினைத்தது நினைத்தபடி நடந்து, நெடுங்காலம் நன்றாக வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காமல் பதிலில் எழுது. அன்றைக்கு மாலை அவனை டாக்டரிடமும் மச்சான் வீட்டுக்கும் கூட்டிப்போய்விட்டோம், நீ அந்த பஸ்ஸில் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டுதான் இருந்திருப்பாய். தம்பி கிடைத்துவிட்டான் என்று உன்னிடம் யார் அம்மா சொன்னார்கள்?

இப்படிக்கு,
உன் அப்பா