துண்டுக்குள் பிடித்த விரல்

சங்கரன்கோவில்
18.8.1983

பம்பாயில் இருக்கும் என் அன்பு மகள் சுந்தரபாய்க்கு,

உன் அப்பா வேதமுத்து சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு மீரா பீவி டீச்சர் எழுதும் காகிதம். கர்த்தருடைய கிருபையால் இங்கே இரண்டு பேரும் சுகம். அதிலும் உன் அம்மா என்னைவிட ஒரு படி கூடவே சுகம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

நீ ஆனி மாதம் போட்ட காகிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் இல்லை என்று கோபித்திருப்பாய். புளியங்குடி ரோட்டில் சபையார் நடத்துகிற முதியோர் இல்லத்தில் அம்மாவைச் சேர்க்கலாமா, நீங்களே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். நர்ஸ் வேலை பார்க்கிறவள் அல்லவா, பதினொரு கேள்வி வேறு. டீச்சர் ஒரு தடவைதான் வாசித்தார். பதினொன்றும் வரிசை மாறாமல் எனக்குள் நிற்கிறது. ஆனால் நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன் ஒரே தடவை பார்த்துவிட்டு வாக்குக் கொடுக்கமாட்டான். ஐந்து தடவை போய் வந்தேன். நடுவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு வாரம் பஸ்ஸில் கால் வைக்க முடியவில்லை.

முதலில் உன் கேள்விகளை முடித்துவிடுகிறேன். மொத்தம் இருபத்திரண்டு பேர், பார்த்துக்கொள்ள ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள். டாக்டர் புதன்கிழமை வருகிறார், நான் கண்ணால் பார்த்தேன். கட்டிலோடு கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். புரட்டுகிறார்கள். முதுகில் புண் இருக்கிறவர் ஒருவர்தான், அதுவும் வீட்டிலிருந்து வரும்போதே கொண்டுவந்த புண், இப்போது வற்றிவிட்டது. கழிக்கிற பாத்திரத்தை எங்கே கழுவுகிறார்கள் என்ற கேள்வியைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. பின்பக்கமாகப் போய் நானே பார்த்துக்கொண்டேன். சமையல்கட்டை விட்டுத் தள்ளி, அந்தக் கோடியில்தான் கழுவுகிறார்கள். பினாயில் வாடை இருந்தது.

இதெல்லாம் நீ கேட்டது. நான் பார்க்கிற முறை வேறு. முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்து எந்த மாட்டையும் சந்தைக்குக் கொண்டுவரலாம். நான் குளம்பைத் தூக்கிப் பார்ப்பேன், காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பேன். பழக்கதோஷம், அங்கேயும் அதையே செய்துவிட்டேன். குருவிகுளத்துக்காரர் சிவனாண்டி என்று ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். பேசிக்கொண்டே அவர் காலைத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தேன். அவர் முறுக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “வே, நான் என்ன கழுகுமலைக் காளையா? பல்லையும் எண்ணிப் பாத்திரும். மூணுதான் இருக்கு, சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றார். அந்த வரிசையே சிரித்தது. குதிகால் சுத்தமாக இருந்தது, நகமும் வெட்டியிருந்தது. அதோடு, அப்படி ஒரு பேச்சு வாயிலிருந்து வருகிறதென்றால் அந்த ஆளை யாரும் மிரட்டி வைக்கவில்லை என்றும் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. சிவனாண்டிக்கு வாய் இருக்கிறது. உன் அம்மாவுக்கு வாதம் வந்து வலது பக்கத்தோடு பேச்சும் போய் ஐந்து மாதமாகிறது. அவளை யாராவது ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னால், ஒரு நேரம் தண்ணீர் தராமல் விட்டால், அவள் யாரிடம் சொல்லுவாள்? நல்ல காளையை யாரும் நன்றாகத்தான் வைத்திருப்பார்கள். நொண்டி மாட்டுக்குத் தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் சொந்தக்காரன் யார் என்று தெரியும். உன் பதினொரு கேள்வியில் அது இல்லை.

அதற்குப் பதில் சொல்ல ஆண்டவர் ஓர் ஆளை அங்கேயே படுக்க வைத்திருந்தார். ஆண்கள் பக்கத்தில் கடைசிக் கட்டிலில் ஒருவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். அவருக்கும் வலது பக்கம் வாதம், பேச்சு இல்லை, எட்டு மாதமாக இங்கே இருக்கிறார், புத்தியும் தெளிவில்லை போல என்று சொன்னார்கள். புருவத்தில் கொம்பு கிழித்த தழும்பைப் பார்த்தேன். மேலநீலிதநல்லூர் கருத்தப்பாண்டி. ஐம்பத்தொன்றாம் வருஷம் பங்குனியில் கழுகுமலை மாட்டுத்தாவணிச் சந்தையில் இடது காது கிழிந்த மயிலை நிறக் காளை ஒன்றை என் தலையில் கட்டியவர். இரண்டு மாதத்தில் அது நொண்டியது. எத்தனை நாள் அவரைத் தேடியிருப்பேன். இப்போது பார்த்ததும் கோபம் வரவில்லை, கை தானாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்தது.

நீ சின்னப் பிள்ளையில் மாட்டுத்தாவணிக்கு வந்தபோது பார்த்திருப்பாய். விலையை நாங்கள் வாயால் சொல்லமாட்டோம். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடிப்போம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை முழுதாகப் பிடித்தால் ஐந்து, முழுதாகப் பிடித்துவிட்டு மறுபடி இரண்டு விரலைப் பிடித்தால் ஏழு. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கருத்தப்பாண்டியின் இடது கையை என் கைக்குள் வைத்துத் துண்டைப் போட்டேன். அவர் சுவரை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். கண் இரண்டும் தளும்பிவிட்டது. புத்தி தெளிவில்லாத கண்ணா அது?

காதுக்குப் பக்கத்தில் குனிந்து, பத்துக்கு எத்தனை என்று சொல்லும் என்றேன். சாப்பாட்டைக் கேட்டேன், ஏழு என்று பிடித்தார். குளிப்பாட்டுவதைக் கேட்டேன், ஒன்பது. யாராவது கை நீட்டுகிறார்களா என்று கேட்டதற்கு விரல்களை எல்லாம் மடக்கிக்கொண்டார், ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு நாளாகக் கேட்டேன். திங்கள் எட்டு, செவ்வாய் எட்டு, புதன் ஒன்பது, இப்படிச் சனிக்கிழமை வரை இறங்கவில்லை. ஞாயிறு என்றதும் ஒற்றை விரலைப் பிடித்தார். ஏன் என்றேன். அவர் கண் பக்கத்து ஸ்டூலுக்குப் போனது. தண்ணீர் டம்ளர் இருந்தது. இருந்தது வலது பக்கம், அசையாத கைப்பக்கம். அன்று திங்கட்கிழமை காலை, பகல் ஆட்கள் இன்னும் கட்டில் பக்கம் வரவில்லை. முந்தின நாள் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேட்ரன் ஞானஒளிவு வந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும், நாசரேத்துப் பக்கம். துண்டையும் எங்கள் முழியையும் பார்த்து, நான் பீடியோ புகையிலையோ கைமாற்றுகிறேன் என்று நினைத்துவிட்டாள். “என்ன அண்ணாச்சி, துண்டுக்குள்ள என்னத்தக் குடுக்கிய?” என்று துண்டை வெடுக்கென்று இழுத்தாள். உள்ளே இரண்டு கிழட்டுக் கைதான் இருந்தது. கருத்தப்பாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் ஒரு மாதிரிதான் வந்தது, ஆனால் சிரிப்புதான். எட்டு மாதத்தில் இவர் சிரித்து நான் பார்த்ததில்லையே என்று அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நான் டம்ளரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். என் தீர்ப்பு அந்த இடத்தில்தான் இருந்தது, சுந்தரம். அவள் எரிந்து விழுந்திருந்தால், இல்லை என்று சாதித்திருந்தால், உனக்கு அன்றே ஒற்றை வரியில் காகிதம் வந்திருக்கும். அவள் டம்ளரை எடுத்து அவருடைய இடது பக்கம் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எல்லாரும் போக, ராத்திரி வரை மாற்று ஆள் ஒருத்தி வருகிறாள், அவளுக்கு யாருக்கு எந்தக் கை வரும் என்று தெரியாது, நான் சொல்லி வைக்கவில்லை, என் தப்புத்தான் என்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, “எனக்கும் அந்த விரலைச் சொல்லிக் குடுங்க அண்ணாச்சி” என்றாள். தொழில் ரகசியம் என்றேன். விடவில்லை. கருத்தப்பாண்டி எனக்கு முன்னால் கையை நீட்டிவிட்டார். காளையில் ஏமாற்றியவர் இதிலும் என்னை முந்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சொல்லாமல் போனேன். ஒவ்வொரு கட்டிலிலும் எந்தக் கை வருமோ அந்தப் பக்கம் சிவப்புத் துணி முடிந்திருந்தது. டம்ளரெல்லாம் அந்தப் பக்கமே. மாற்று ஆளோடு ஞானஒளிவும் ஆராதனைக்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தாள், தோளில் ஒரு துண்டு. அதற்கடுத்த ஞாயிறும் போய்ப் பார்த்தேன். துணி அவிழவில்லை.

இனிமேல்தான் உனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லவேண்டும். வைகாசியில் அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது என் முழங்கால் மடங்கி இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். எனக்கும் எழுந்திருக்க முடியவில்லை, அவளுக்கும் முடியாது. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை தலைக்கு மேலே கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தோம். ஓட்டில் பல்லி ஒன்று ஈசலைப் பிடிக்கத் தாவித் தாவித் தவறவிட்டது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் இதை எழுதவேண்டாம் என்றார். எழுதுங்கள், மகளுக்குத் தெரியட்டும் என்றேன்.

போன வாரம் வாடகைக் கார் பிடித்து அம்மாவைக் கொண்டுபோய் ஏழு நாள் அங்கே வைத்துப் பார்த்தேன். பகல் முழுதும் நானும் இருந்தேன். ஏழாம் நாள் சாயங்காலம் அவள் கையைத் துண்டால் மூடி, முறையைச் சொல்லித்தர ஆரம்பித்தேன். “ஜீவரத்தினம், இப்பிடிப் பிடிச்சா அஞ்சு” என்பதற்குள் அவள் கையை முழுதாகப் பிடித்து, மறுபடி மூன்று விரலைப் பிடித்தாள். எட்டு. நாற்பத்தாறு வருஷம் இந்த ரகசியத்தைப் பெண்டாட்டிக்கும் சொல்லாமல் காத்தேன் என்று நான் பெருமையாக இருந்தேன், பார்த்துக்கொள். அவளுக்கு எப்போது தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிக்கிறாள், அவ்வளவுதான்.

எட்டு இந்த இடத்துக்கு. அதோடு விட்டிருக்கலாம். வீட்டில் நான் பார்த்த ஐந்து மாதத்துக்கு எத்தனை என்று கேட்டுவிட்டேன். நான்கு விரலைப் பிடித்தாள். தினமும் தலை வாரிவிட்டேனே, கஞ்சி காய்ச்சினேனே, நாலுதானா என்று சண்டைக்குப் போனேன். கொஞ்சம் யோசித்து ஒரு விரலைக் குறைத்தாள். ஞானஒளிவு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள், ஓடினவள் சிரித்த சத்தம் கிணற்றடியிலிருந்து கேட்டது. மகளே, அம்மா கணக்குப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசுகிறாள். மூன்று என்று சொன்னாலும் எனக்கு அது போதும்.

நல்ல இடம். என் வாக்கு அது. வருகிற சனிக்கிழமை அங்கேயே சேர்த்துவிடுகிறேன். நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது உன் பதினோராவது கேள்வி. ராத்திரிக்கு நம் வீட்டில், பகலுக்கு அவள் பக்கத்தில். பஸ்ஸில் போய்விடலாம், ஒன்றரை மைல்தான். தலை வாரிவிடுவது மட்டும் என் வேலை என்று ஞானஒளிவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வகிடு கோணலாகத்தான் வருகிறது, அதற்குத்தான் மார்க்கு குறைந்ததோ என்னவோ.

பெற்றவளை அநாதை மாதிரி விட்டுவிட்டேன் என்று நீ அங்கே ஆஸ்பத்திரியில் நின்று அழக்கூடாது. லீவு கிடைக்கும்போது வா, கிடைக்கவில்லை என்றால் கிறிஸ்துமஸுக்கு வா. உன் கைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தப் பக்கம் தண்ணீர் வேண்டும் என்று பார்த்து வை, அதுவே எங்களுக்குச் செய்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாதம் வந்த நாளிலிருந்து நீ போட்ட காகிதம் எல்லாம் என் பேருக்குத்தான் வருகிறது. அம்மா எப்படி இருக்கிறாள், அம்மா என்ன சாப்பிட்டாள் என்று என்னைக் கேட்கிறாய். இனிமேல் கவரில் ஜீவரத்தினம் அம்மாள் என்று எழுது. கேட்கிறதை அவளிடமே கேள். அவள் சொல்லுவாள்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் ஆசீர்வதிப்பாராக.

உன் அப்பா,
வேதமுத்து
(கைநாட்டு)